பட்டியலில் இல்லாத பெயர்

அடுத்த ஞாயிறு முதல் நம் சபையின் தமிழ் மைக் உங்கள் மூவர் கையில். எனக்கு மருத்துவமனையில் வார இறுதி ஷிப்ட் போட்டுவிட்டார்கள். அங்கேயும் மொழிபெயர்ப்பு வேலைதான். ஆனால் நான் சொல்வதற்கெல்லாம் அங்கே யாரும் 'ஆமென்' சொல்ல மாட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் ரிட்டையர் ஆனவன் மாதிரி எழுத உட்கார்ந்துவிட்டானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஏழு வருடம் அந்த மேடையில் ஒருவர் தோளருகே நின்று, அவர் சொன்னதையெல்லாம் நான் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். போகும்போது என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்கு ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஷர்மிளா இருக்கிறாள். தப்புச் செய்தால் கண்ணாலேயே குத்துவாள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

நம் வேலையில் 'நான்' என்ற சொல் நமக்குச் சொந்தமில்லை. பிரசங்கியார் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்கிறோம். எனக்கு இருபத்தைந்து வயதில், வந்திருந்த ஒரு பெரியவர் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். நானும் முகத்தில் சிரிப்பில்லாமல், "எனக்குப் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர்" என்றேன். முதல் வரிசை அக்காமார்கள் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் ஆராதனை முடிந்ததும் வந்து, "அஞ்சு பேரா தம்பி, பாத்தா தெரியலையே லா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். சிரிப்பு வரட்டும், அழுகை வரட்டும், அந்த 'நான்' நம்முடையதில்லை என்ற நிம்மதியில்தான் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. அந்த நிம்மதிக்குப் பின்னால் ஒருநாள் நான் ஒளிந்துகொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜெபராஜ் அண்ணனையும் சுடலைமுத்து அண்ணனையும் நீங்கள் பார்த்ததில்லை. தாமிரபரணிக் கரையில் ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கடல் தாண்டி வந்த இங்கேயும் ஒரே கப்பல் பட்டறை, தொழிலாளர் டார்மிட்டரியில் மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலும். ஜெபராஜ் அண்ணன் வேலையில் விழுந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. எலும்பைப் பிடிக்க வெளியே இரும்புக் கம்பி மாட்டியிருந்தார்கள். இன்னொரு ஆபரேஷன் பாக்கி. அதுவரை சக்கர நாற்காலி. குளிப்பாட்டுவது, சோறு எடுத்துவருவது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது எல்லாமே சுடலைமுத்து அண்ணன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய திருநீற்றோடு, நண்பனைத் தள்ளிக்கொண்டு நம் நான்காம் மாடிக்கு வருவார். கடைசி வரிசையில் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். யாரும் அவரை ஒன்றும் கேட்டதில்லை. அக்காமார்கள் அவருக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் கூடத் தருவார்கள்.

"ஏலே, கண்ண மூடு, ஜெபம் பண்ணுதாங்க" என்பார் ஜெபராஜ் அண்ணன்.

"நானும் கண்ண மூடிட்டா ஒன் வண்டிய யாருலே பாக்க?"

இது வாராவாரம் நடக்கும். கடைசி வரிசைச் சிரிப்பு மேடைவரை கேட்கும்.

அந்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். வயதானவர், மென்மையான மனிதர். வேதாகமத்தில் பிசாசுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பெயர்களும் பட்டங்களும்தான் அன்றைய பொருள். முந்தைய திங்கட்கிழமையே பட்டியலை அனுப்பிவிட்டார். சாத்தான், பேலியாள், பெயெல்செபூல், அப்பொல்லியோன், பொல்லாங்கன், சோதனைக்காரன், பழைய பாம்பு, வலுசர்ப்பம், இந்த உலகத்தின் அதிபதி, பொய்க்குப் பிதா, சகோதரர்மேல் குற்றம் சுமத்துகிறவன் என்று நீளமான பட்டியல்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா சாலையோரம் புல் வெட்டியவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்லவேண்டும். அதனால் எனக்கு இரண்டு பழக்கம். எதற்கும் விழுந்து விழுந்து தயாராவேன். யாராவது கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்ல வராது.

என் வீடு இருக்கும் பிடோக்கிலிருந்து பஸ்ஸில் வரும்போது அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஆன்ட்டி 'அப்பொல்லியோன்' வரை பொறுத்தார், 'வலுசர்ப்பம்' வந்ததும் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். பட்டியலில் ஒரு சிக்கலையும் கண்டுபிடித்தேன். வீழ்ந்தவனுக்குச் சொல்லப்படும் 'விடிவெள்ளி' நம் தமிழ் வேதாகமத்தில் ஆண்டவருக்கும் வருகிறது. விளக்காமல் சொன்னால் சபை குழம்பும். பிரசங்கியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லவேளை சொன்னீர்கள், அதை எடுத்துவிடுகிறேன்" என்றார். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு பெயரையும் சொல்லி முடித்ததும் சபை முழுவதும் ஒரு பதில் சொல்லவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பதிலைத் தமிழில் செதுக்கிக் கொடுத்தது நான்: "உனக்கு இங்கே இடமில்லை!" சொல்லிப் பாருங்கள், தாளம் தன்னால் வரும். மூன்றாவது பெயரிலேயே சபை சூடு பிடித்துவிட்டது. "பேலியாளே!" "உனக்கு இங்கே இடமில்லை!" "பொய்க்குப் பிதாவே!" "உனக்கு இங்கே இடமில்லை!" வாரம் முழுக்கச் சுமை தூக்கிய ஆண்கள், முந்நூறு பேர், தொண்டை கிழியக் கத்துகிறார்கள். தரை அதிர்கிறது.

அப்போது பிரசங்கியார் பட்டியலை விட்டு என் பக்கம் திரும்பினார். தோளில் கை வைத்து, ஆங்கிலத்தில், உங்கள் ஜனங்கள் ஊரில் அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று கேட்டார்.

அது சபைக்கான கேள்வி இல்லை, எனக்கான கேள்வி. மேடையில் நின்றுகொண்டிருக்கும்போது நம்மை ஒரு ஆளாக நினைத்து யாராவது கேள்வி கேட்டால் கால் தடுமாறிவிடும். அந்தக் கேள்வியை அப்படியே தமிழாக்கிச் சபையின் முன்னால் வைத்திருக்கலாம். 'பிசாசு என்றுதான் சொல்வோம்' என்று முடித்திருக்கலாம். மூன்று நொடி சும்மா நின்றிருந்தால்கூட அவரே அடுத்த பெயருக்குப் போயிருப்பார். ஆனால் நான் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை. சிறுவயதில் அப்பா பயமுறுத்தச் சொன்ன கதைகளிலிருந்து வாய்க்கு வந்ததைக் கொட்டினேன். "பேய், காட்டேரி, சுடலைமாடன்..."

கடைசியாகச் சொன்னது அவர் காதில் இனிமையாக விழுந்திருக்கவேண்டும். மைக்கில், உற்சாகமாக, மழலையில், "சுடலைமாடன்!" என்றார். சபை தாளத்தில் இருந்தது. யாரும் யோசிக்கவில்லை.

"உனக்கு இங்கே இடமில்லை!"

கடைசி வரிசையில் சுடலைமுத்து அண்ணன் எழுந்தார். அவருடைய குலதெய்வம் சுடலைமாடன். அந்தச் சாமியிடம் வேண்டிப் பிறந்தவர் என்பதால் வைத்த பெயர். அவர் குனிந்து நாற்காலியின் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். பிரசங்கியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நானும் போனேன்.

ஆராதனை முடிந்ததும் அவரே மேலே வந்து நாற்காலியை எடுத்தார். லிப்டுக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அண்ணே... அது வந்து, பிரசங்கியார் சொல்றதைத்தான் நான் சொல்லணும். எங்க வேலை அப்படி. நான் வெறும் வாய்தான் அண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்க மேல என்ன தம்பி இருக்கு? அவரு சொன்னாரு, நீங்க சொன்னீங்க. லிப்ட் வந்துட்டு, வழிய விடுங்க."

எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா எனக்கு? வீடுவரை அந்த லேசோடே போனேன்.

புதன்கிழமை ஜெபராஜ் அண்ணன் போன் செய்தார்.

"பிரதர், அவன் எல்லாம் செய்யுதான். குளிப்பாட்டுதான், சோறு வைக்கான், நேத்து ஆஸ்பத்திரிக்கும் தள்ளிட்டுப் போனான். ஆனா பேச மாட்டேங்கான். ஞாயித்துக்கிழமையிலருந்து ஒரு வார்த்தை இல்ல."

"சபை மேல கோபமா அண்ணே?"

"சபை மேல இல்ல பிரதர். என் மேல." "நானும் சேந்து கத்திட்டேன்லா. வாய் தன்னால சொல்லிட்டு. பக்கத்துல இருந்தவன் அவன். என் வாயப் பாத்துட்டான்."

"நான் ஊருக்குப் போயிருதேன் பிரதர். சூப்பர்வைசர்கிட்ட டிக்கெட் கேட்டிருக்கேன். ஆபரேஷன அங்க போய்ப் பாத்துக்கிடுதேன். பேசாத மனுஷன் கையால எப்படி பிரதர் சோறு வாங்கித் திங்க?"

அங்கே போய்ப் பார்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வார நாட்களில் மருத்துவமனையில் இந்த மாதிரிக் கால்களுக்குத்தான் மொழிபெயர்க்கிறேன். பாதி வைத்தியத்தில் கிளம்பினால் அந்தக் கால் கோணலாகவே கூடிவிடும். மூன்று வாரம் பொறுத்து இங்கேயே ஆபரேஷனை முடித்தால் நடப்பார். நான் அவரிடம் ஞாயிறுவரை மட்டும் பொறுக்கச் சொன்னேன். எதற்காக என்று கேட்டார். தெரியாது என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே புதிது.

அன்று மாலை ஷர்மிளாவிடம் ரெக்கார்டிங்கைக் கேட்டேன். பிரசங்கியார் அந்தப் பெயரைச் சொன்னாரே, மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவருக்கு ஒரு வரி எழுதலாமா என்று ஆலோசனை வேறு சொன்னேன். அவள் ஆங்கில மைக்கையும் தமிழ் மைக்கையும் தனித்தனியாகப் பதிவு செய்வாள். இரண்டையும் அனுப்பிவிட்டுப் போனிலும் வந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"யார் முதல்ல சொன்னது?"

"அவர் கேட்டார், அதனால..."

"டேய், அவர் கேள்விதான் கேட்டார். பேர் உன் டிராக்ல இருக்கு லா. அது உன் வாய்ஸ். அவரு பாவம், கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாரு."

போனை வைத்துவிட்டுப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் திங்கட்கிழமையிலிருந்து மனப்பாடம் செய்த அதே காகிதம். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. அதில் பாதிக்கு மேல் பெயர்களே இல்லை. வேலைகள். சோதிக்கிறவன், வஞ்சிக்கிறவன், அழிக்கிறவன், குற்றம் சுமத்துகிறவன், பொய்யைப் பெற்றவன். வேதம் அவனை ஆள் அடையாளம் சொல்லிக் காட்டவில்லை. இன்ன ஊரான், இன்ன குலத்தான் என்று சொல்லவில்லை. என்ன செய்கிறான் என்றுதான் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதன் கும்பிடும் சாமியின் மேல், அவன் முகத்துக்கு நேரே, முந்நூறு பேரை வைத்துக் குற்றம் சுமத்தியது யார்? லிப்டுக்குப் பக்கத்தில் பொய் சொன்னது யார்? பட்டியலில் இரண்டு வேலைகளை நான் ஒரே மத்தியானத்தில் முடித்திருந்தேன்.

பாஸ்டரிடம் போய், அடுத்த ஆராதனையில் எனக்கென்று மைக் வேண்டும் என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தடவினார்.

"அந்தப் பேரைச் சொல்லி மேடையில மன்னிப்புக் கேட்டா, சிலர் வேற மாதிரி எடுத்துப்பாங்க தம்பி. தனியா போய்க் கேட்டுடேன்."

"தனியா நடக்கலையே பாஸ்டர்."

அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு நிமிஷம். எழுதி எடுத்துட்டு வா. சொந்தமா எதையும் சேர்க்காதே" என்றார். சேர்த்ததால் வந்த வினை என்று அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்து அண்ணன் நாற்காலியை லிப்டுக்குள் தள்ளிவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, தான் ஏறாமல் கீழேயே நின்றுவிட்டார். மேலே நான் மேடை ஏறினேன். பக்கத்தில் யாருமில்லை. காகிதம் மைக்கில் உரசிச் சத்தம் போட்டது.

"போன வாரம் நீங்கள் கேட்ட பெயர்களில் ஒன்று வேதத்தில் இல்லை. பிரசங்கியார் பட்டியலிலும் இல்லை. அதை நான் சேர்த்தேன். அது ஒரு குடும்பம் கும்பிடுகிற பெயர். நம் சகோதரன் ஜெபராஜை வாராவாரம் இங்கே கொண்டுவருகிறவரின் பெயரிலும் அது இருக்கிறது. இங்கே இடமில்லை என்று நம்மைச் சொல்ல வைத்தது நான். என்னை மன்னியுங்கள்."

அவ்வளவுதான். நடுவரிசையில் ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் என்னோடு பேச ஒரு வருடம் ஆனது. அக்காமார்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆனால் யாருக்குச் சொல்லவேண்டுமோ அவர் அங்கே இல்லை. ஷர்மிளா ஒலிப்பதிவு மேசையிலிருந்து சைகை காட்டினாள். கிட்டப் போனதும், "போ. பாட்டு இருபது நிமிஷம் ஓடும். பிரசங்கத்துக்கு வந்துடு" என்றாள்.

ஜெபராஜ் அண்ணனின் நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு லிப்டில் இறங்கினேன். சக்கர நாற்காலி தள்ளுவது ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. நடைபாதைச் சரிவில் அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. முன்சக்கரம் சாக்கடை மூடியில் மாட்டி, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜெபராஜ் அண்ணன், "இயேசப்பா!" என்று அலறினார். எதிர்க் கோப்பிக்கடையிலிருந்து ஒரு குரல் அதைவிடப் பெரிதாக வந்தது.

"வண்டியப் பின்னால சாய்ங்க தம்பி! பின்னால! கம்பி தட்டிரப் போவுது!"

ஓடிவந்து ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து, இன்னொரு கையால் என்னை விலக்கினார். கம்பி மாட்டிய காலை மெதுவாகத் தூக்கி நேராக வைத்தார். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. இனி தள்ளிப்போட முடியாது.

"அண்ணே, போன வாரம் லிப்டுகிட்ட நான் சொன்னது பொய். அந்தப் பேரைப் பிரசங்கியார் சொல்லல. நான்தான் சொன்னேன். முதல்ல நான்தான்."

சுடலைமுத்து அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"எங்கூரு சுடலைய வெள்ளக்காரருக்கு எப்படித் தம்பி தெரியும்? நீங்க பயந்து போயி நின்னீங்க. சின்னப் பையன், எதுக்கு வாயக் கிண்டணும்னு விட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபராஜ் அண்ணன்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"முத்து... நெனச்சுச் சொல்லலலே. எல்லாரும் கத்துனாங்க, நானும்..."

"ஊரே சொன்னாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நீ சொன்ன பாத்தியா."

"தப்புதாம்ல. செத்துரலாம் போல இருக்கு."

"அது எந்த வாயி? எங்க கோயில் கொடைக்கு வருஷா வருஷம் வந்து, பந்தியில மொத ஆளா உக்காந்து, எலும்பக் கூட விடாம ஆட்டுக்கறி தின்ன வாயிதான?"

ஜெபராஜ் அண்ணனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. "ரெண்டாந்தடவ... ரெண்டாந்தடவ கேட்டதுக்கு ஒங்கப்பா அடிக்க வந்தாரு."

"மூணாந்தடவலே அது." முதுகில் தட்டிக்கொண்டே கேட்டார்: "டிக்கெட்டு கேட்டியாமே. சூப்பர்வைசர் சொன்னான்."

"ஆமா."

"கேன்சல் பண்ணு. ஆபரேஷன முடிச்சு ஒன் காலுல நடந்து போ. ஊருக்குள்ளயும் ஒன்னய நானா தள்ளிக்கிட்டுத் திரியணும்? எனக்கு வேற சோலி இல்லையா?"

நான்காம் மாடி ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டது. நான் மேலே பார்ப்பதைச் சுடலைமுத்து அண்ணன் கவனித்தார்.

"நீங்க ஓடுங்க தம்பி, வேலை கெட்டுரும். இவன் மூஞ்சியக் கழுவிட்டு நான் கூட்டிட்டு வாரேன்."

படியேறி ஓடினேன். உங்களுக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: கேட்டதைக் கொடுங்கள், கேட்காததைச் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டால் அது உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற பெயருக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள்.

அன்று பாஸ்டர் ஆங்கிலத்தில் பிரசங்கித்தார். தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். பின்கதவு திறந்தது. நாற்காலி முதலில் வந்தது, அதன் பின்னால் திருநீற்று நெற்றி. கடைசி வரிசையில் நாலைந்து பேர் எழுந்து நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார். பாஸ்டர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். ஷர்மிளா கண்ணாலே குத்தினாள். எனக்கு ஒன்றுமே காதில் விழுந்திருக்கவில்லை. பாஸ்டர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அடுத்த வாக்கியத்துக்குப் போனார். ஏழு வருடத்தில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது அது ஒன்றுதான். என்னவென்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.